பண்ணையில் பிள்ளைகள்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி வகுப்புகளையும் குடும்பங்களையும் பண்ணையில் வரவேற்று, கூடவே நின்று வேலை சொல்லித் தருவது என் பணி. வருவதற்கு முன் தொலைபேசியிலும், வந்து இறங்கியதும் வாசலிலும், திரும்பும்போது பேருந்துப் படியிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

பண்ணைக் கல்வி என்றால் என்ன? பள்ளியில் வருஷா வருஷம் சுற்றுலா போகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

சுற்றுலாவில் பிள்ளைகள் பார்ப்பார்கள். இங்கே செய்வார்கள். கோழிக்குத் தீவனம் அளந்து போடுவது, முட்டை எடுப்பது, பாத்தியில் களை பிடுங்குவது, தொழுவத்தைக் கூட்டுவது, விதைப்பது, அறுப்பது என்று அன்றைக்குப் பண்ணையில் நடந்தே ஆக வேண்டிய வேலைகளில் ஒரு பங்கு அவர்களுக்குத் தரப்படும். உணவு எப்படி உருவாகிறது, உயிர்கள் எப்படி வாழ்கின்றன, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அந்த வேலையின் ஊடே புரியவரும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் இடத்தைத் திரும்பக் கூட்டச் சொன்னால் ஆறு வயதுக் குழந்தைக்கும் அது தெரிந்துவிடும். தான் தண்ணீர் ஊற்றாவிட்டால் இந்த நாற்று வாடிவிடும் என்று தெரிந்தால், யாரும் அதட்டாமலே கவனம் வந்துவிடும். கீழே உள்ள பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

இது புதிதாகக் கிளம்பியிருக்கும் மோகமா?

இல்லை. ஜெர்மனியில் ஃப்ரோபெல் தன் மழலையர் பள்ளிக்கு 1840-இல் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் வைத்தார். அவர் வகுத்த முறையில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி உண்டு, எல்லோருக்கும் பொதுவான பாத்திகளும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியில் சமையல், நெசவு, தோட்ட வேலை எல்லாம் பாடத்தின் பகுதியாகவே இருந்தன. செய்து கற்பது பழைய வழிதான். பிள்ளைகள் நிலத்தை விட்டுத் தள்ளி வளர்வதால் இப்போது அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எத்தனை வயதிலிருந்து கூட்டி வரலாம்?

நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே வரலாம், வேலைதான் வயதுக்கு வயது மாறும். மூன்று நான்கு வயதில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, பெரிய விதைகளை ஊன்றி, சின்னப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினாலே அந்த நாள் நிறைந்துவிடும். ஐந்து முதல் ஏழு வரை தீவனம் போடலாம், முட்டை எடுக்கலாம், அறுவடை செய்யலாம். எட்டு வயதுக்கு மேல் கைக்கொத்து, அளவு நாடா, தராசு எல்லாம் தரலாம். பதினொன்று பன்னிரண்டு வயதினர் ஒரு பாத்தியைத் தாங்களே திட்டமிட்டு, கணக்கு எழுதி, முழுப் பொறுப்பும் எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். காரணத்தைக் கிருமி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

என் பையன் விவசாயம் செய்யப் போவதில்லை. அப்புறம் எதற்கு இது?

அவன் தினமும் சாப்பிடப் போகிறான், அது ஒன்றே போதுமான காரணம் என்பேன். தான் உண்பது எதனால் ஆனது, அதற்கு யார் எவ்வளவு உழைத்தார்கள், எவ்வளவு தண்ணீர் செலவானது என்று தெரியாமலே ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டு முடிக்க முடியும். பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும், சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் என்று நான் சொல்லும்போது, பிள்ளைகளோடு சேர்ந்து பெற்றோரில் சிலரும் நின்று யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதோடு, பொறுத்திருப்பது, ஒன்றை உற்றுப் பார்ப்பது, நாலு பேரோடு சேர்ந்து ஒரு சுமையைத் தூக்குவது எல்லாம் எந்தத் தொழிலுக்கும் வேண்டியவை. இவற்றைச் சொற்பொழிவால் கொடுக்க முடியாது.

ஒரே ஒரு நாள் வந்து போனால் போதாதா?

ஒரு நாளில் ஆர்வம் வரும், புரிதல் வருவதற்குக் காலம் தேவை. விதைத்தவன் முளையைப் பார்க்கவில்லை என்றால் அவனைப் பொறுத்தவரை அவன் மண்ணைத்தான் கிளறியிருக்கிறான். ஒரே வகுப்பு குறைந்தது மூன்று முறை வர வேண்டும் என்பது என் கருத்து. விதைக்க ஒரு முறை, களை எடுத்துப் பராமரிக்க ஒரு முறை, அறுக்க ஒரு முறை. முள்ளங்கி போன்ற குறுகிய காலப் பயிர் என்றால் 25 முதல் 30 நாளில் இந்தச் சுற்று முடிந்துவிடும்.

பணமோ தூரமோ இடம் கொடுக்காமல் ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், பத்து விஷயங்களை எட்டிப் பார்க்காதீர்கள். ஒன்றை எடுத்து முழுதாகச் செய்யுங்கள். முட்டை என்றால் தீவனம் கலப்பதில் தொடங்கி, முட்டையை எடுத்து, எடை போட்டு, உடைத்து உள்ளே பார்த்து, முட்டை ஓடுகளை எருக்குழியில் போடுவது வரை.

ஒரு நாள் எப்படிப் போகும்? நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என்ன செய்வார்கள்?

நாற்பது பேரும் ஒரே இடத்தில் நின்றால் முன்னால் நிற்கும் ஐந்து பேர்தான் வேலை செய்வார்கள். எட்டு பத்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர் என்று வைத்துவிட வேண்டும். ஒரு குழு தொழுவத்தில், ஒரு குழு பாத்தியில், ஒன்று கோழிக் கூண்டில், ஒன்று எருக்குழியில். இடைவேளைக்குப் பிறகு இடம் மாறலாம். காலையில் ஒரு வேலை, அதன் பிறகு ஒரு வேலை, அவ்வளவுதான். நடுவில் கை கழுவ, சாப்பிட, சும்மா உட்கார நேரம் விடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் நல்ல கேள்விகள் வரும். "மாடு ஏன் வாயை ஆட்டிக்கொண்டே இருக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அசை போடுவது, நான்கு அறை வயிறு, மேல் தாடையில் முன்பற்கள் இல்லாதது என்று அரை மணி நேரப் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

பாடம் கெட்டுப்போகாதா? தேர்வுக்கு இது எப்படி உதவும்?

ஆசிரியர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பண்ணையில் பாடம் ஏராளமாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளும் திட்டத்தோடு வர வேண்டும்.

கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். கொட்டகைக் கூரையை அளக்கச் சொல்லுங்கள். 100 சதுர மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கு ஆயிரம் லிட்டர் விழும். பரப்பளவும் கன அளவும் ஒரே நாளில் விளங்கிவிடும். மண்ணுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை போதும். பாதி மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களிமண் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் விகிதமும் சதவீதமும் வந்துவிடும்.

உயிரியலில் எனக்குப் பிடித்த பாடம் அவரைச் செடியின் வேர். மெதுவாகத் தோண்டி எடுத்து, மண்ணை அலசிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்ததை இப்படிக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத் தேர்வில் அந்தப் பதில் தடுமாறாது. வருவதற்கு முன் உங்கள் பாடத்தில் இப்போது எந்த அலகு நடக்கிறது என்று பண்ணையிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற வேலையை ஒதுக்கி வைப்பார்கள்.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?

மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வேலை செய்வோம். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பாத்தி கரைகிறது, எது உறிஞ்சுகிறது என்பதை மழை நாளில்தான் பார்க்க முடியும். இடி மின்னல், பலத்த காற்று, கடும் வெப்பம் என்றால் மட்டும் உள்ளே போய்விட வேண்டும். ஆகவே எல்லோரும் ஒதுங்கக் கொட்டகை இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன போட்டு அனுப்புவது?

அழுக்கானால் நீங்கள் வருத்தப்படாத பழைய உடை. முழுக்கால் சட்டை, விரல்கள் மூடிய காலணி, தொப்பி, பெயர் எழுதிய தண்ணீர்ப் புட்டி, மாற்று உடை ஒன்று. செருப்பு வேண்டாம், மாட்டின் குளம்பு கால் விரலில் பட்டால் தெரியும். டெட்டனஸ் தடுப்பூசி வயதுக்கேற்பப் போட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாணி, மண், கோழி எச்சம்... கிருமி தொற்றிவிடாதா? எனக்கு அதுதான் பயம்.

பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆரோக்கியமாகத் தெரியும் மாடு, ஆடு, கோழியின் எச்சத்திலும் ஈ கோலி ஓ157, சால்மோனெல்லா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் இருக்கலாம். விலங்குக்கு ஒன்றும் செய்யாத கிருமி மனிதருக்கு வயிற்றுப்போக்கைத் தரும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஈ கோலி ஓ157 சில நேரம் சிறுநீரகத்தையே பாதிக்கும். முன்னே எச்சரித்தது இதற்காகத்தான்.

கிருமி உள்ளே போகும் வழி பெரும்பாலும் வாய். அதனால் அந்த வழியை அடைத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். விலங்குகள் இருக்கும் இடத்தில் தின்பதும் குடிப்பதும் கூடாது. விரல் சப்பும் குழந்தையை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். விலங்குக்கு முத்தம் வேண்டாம். விலங்கைத் தொட்ட பிறகும், வேலை முடிந்ததும், சாப்பிடுவதற்கு முன்பும், காலணியைக் கழற்றிய பிறகும் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் குறைந்தது 20 வினாடி கை கழுவ வேண்டும். சாப்பிடும் இடம் தொழுவத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

வந்துபோன இரண்டு வாரத்துக்குள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அதிலும் ரத்தம் கலந்திருந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள். பண்ணைக்குப் போய் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

சானிடைசர் கையில் வைத்திருக்கிறோம், அது போதாதா?

போதாது. கையில் மண்ணும் சாணமும் ஒட்டியிருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது. மேலே சொன்ன கிரிப்டோஸ்போரிடியத்தை ஆல்கஹால் திரவம் அழிப்பதும் இல்லை. குழாயும் சோப்பும் இல்லாத பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

அழுக்கில் புரண்டால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு கெடுபிடி?

இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆமிஷ் மக்கள் வீட்டுக்கு அருகிலேயே மாடு வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்பவர்கள், ஹட்டரைட்டுகள் பெரிய இயந்திரப் பண்ணைகளை நடத்துபவர்கள். மரபு வழியில் இரு சமூகமும் நெருக்கமானவை. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா ஆமிஷ் தரப்பில் 5.2 சதவீதம், ஹட்டரைட் தரப்பில் 21.3 சதவீதம். தொழுவத்துத் தூசியிலுள்ள நுண்ணுயிர்க் கூறுகளோடு சிறு வயது முதல் பழகுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் வந்த முடிவு.

அது பிறந்ததிலிருந்து அன்றாடம் அந்தச் சூழலில் வளரும் குழந்தைகளைப் பற்றியது. எப்போதாவது வந்து போகும் பிள்ளைக்கு அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஈ கோலி தொற்றுவதால் எந்த நன்மையும் இல்லை. தாராளமாக மண்ணில் விளையாடட்டும், பிறகு கை கழுவட்டும்.

ஆஸ்துமாவும் அலர்ஜியும் இருக்கிறது. அழைத்து வரலாமா?

பெரும்பாலும் வரலாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டு. வைக்கோல் தூசி, பூஞ்சை பிடித்த தீவனம், பூக்களின் மகரந்தம் ஆகியவை மூச்சுத் திணறலைத் தூண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தொழுவம் கூட்டும் வேலையைத் தராமல் திறந்தவெளிப் பாத்தியைத் தரலாம். இன்ஹேலர் பேருந்தில் இருக்கும் பையில் கிடந்தால் பயனில்லை, குழுவோடு போகும் பெரியவரிடம் இருக்க வேண்டும். தேனீ கொட்டினால் கடுமையான ஒவ்வாமை வரும் பிள்ளை என்றால், தேன் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே கேட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். மருத்துவர் தந்த அவசர ஊசி உடன் இருக்கட்டும்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். குடும்பத்தோடு வரலாமா?

வரலாம், ஆனால் குட்டி போடும் ஆடுகள், புதிதாகப் பிறந்த குட்டிகள், நஞ்சுக்கொடி விழுந்த இடம் ஆகியவற்றின் பக்கம் போகக்கூடாது. அவற்றிலிருந்து பரவும் சில தொற்றுகள் கருவைப் பாதிக்கும், கருச்சிதைவும் ஏற்படலாம். கணவரோ பிள்ளைகளோ குட்டிகளைத் தூக்கியிருந்தால் அந்த உடையையும் காலணியையும் நீங்கள் துவைக்கவோ கழுவவோ வேண்டாம். வெறும் கையால் மண்ணைக் கிளறாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் இருக்கும் பூனை எச்சம் வழியாக டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றலாம்.

கறந்த பாலை அப்படியே குடிக்கக் கொடுக்கலாமா? அதுதானே சத்து?

கொடுக்கக்கூடாது. கிருமி பற்றிய பதிலில் சொன்ன அத்தனையும் மடியிலிருந்தோ தொழுவத்திலிருந்தோ பச்சைப் பாலில் கலக்கலாம். 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 வினாடியோ சூடாக்கினால் நோய் தரும் கிருமிகள் அழிந்துவிடும், புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும். பாலைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே வெப்பமானி வைத்துச் சூடாக்கிக் காட்டுங்கள், அதுவே ஒரு நல்ல பாடம்.

என் மகள் ஆட்டைக் கண்டாலே அழுகிறாள். கொஞ்சம் பழக்கிவிடுங்களேன்.

அவசரப்படுத்த மாட்டேன். கையைப் பிடித்து இழுத்து ஆட்டின் முதுகில் வைப்பதால் பயம் போகாது, நம்மீது இருந்த நம்பிக்கைதான் போகும். வேலிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். அடுத்து ஒரு நீளமான தழைக் கொத்தை வேலி இடுக்கில் நீட்டட்டும். அவளுக்கும் ஆட்டுக்கும் நடுவே வேலை ஒன்று இருந்தால் கண் வேலையின் மேல் போய்விடும்.

விலங்கைப் பற்றித் தெரிந்தாலே பயத்தில் பாதி குறையும். மாடு, ஆடு, குதிரை எல்லாம் இரையாகும் இனங்கள். ஓடித் தப்பிப்பதற்காகவே அவற்றின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருக்கின்றன, 300 பாகைக்கும் மேல் பார்வை விரியும். ஆனால் நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து யாராவது வந்தால் மிரண்டு உதைக்கும். ஆகவே தோள் பக்கமாக, அது பார்க்கும்படி, மெதுவாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். காது பின்னோக்கி மடிந்தாலோ, உடல் விறைத்தாலோ நின்றுவிட வேண்டும். அதுவும் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறது என்று தெரிந்ததும் பல பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கடைசிவரை தொடவில்லை என்றாலும் பரவாயில்லை. பாத்தியில் அவளுக்கு வேலை இருக்கிறது.

விலங்குகளுக்குத் தொந்தரவு இல்லையா? நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் தொடுகிறார்களே.

சரியாக நடத்தாவிட்டால் தொந்தரவுதான். ஒவ்வொரு விலங்குக்கும் யாரும் பின்தொடர முடியாத ஓர் ஒதுக்கிடம் இருக்க வேண்டும். அது அங்கே போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கோழிக்குஞ்சையும் முயலையும் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. தூக்குவதைவிட உணவு கொடுப்பது, படுக்கை மாற்றுவது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது ஆகியவையே நல்லது. விலங்குக்கும் நன்மை, பிள்ளைக்கும் உண்மையான வேலை.

எங்கள் பிள்ளை சக்கர நாற்காலியில் இருக்கிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு இங்கே இடம் உண்டா?

உண்டு, முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்ய முடியும். நாற்காலியிலிருந்தே எட்டும்படி இடுப்பு உயரத்துக்கு எழுப்பிய பாத்தி, கெட்டியான பாதை, நீளக் கைப்பிடி உள்ள கருவிகள் வேண்டும். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குச் சத்தமும் வாசனையும் திடீரென அதிகமாகிவிடும். அவர்களுக்கு இடத்தின் படங்களையும் வேலையின் வரிசையையும் முந்தின நாளே காட்டிவிடுங்கள், ஒதுங்கி உட்கார அமைதியான மூலை ஒன்றும் இருக்கட்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் இவர்களில் சிலர் காட்டும் நிதானம் மற்றவர்களுக்கு வராது. விதை பிரிக்கும் மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பக்கத்தில் பண்ணையே இல்லை. பள்ளியில் கொஞ்சம் சிமெண்டுத் தரைதான் இருக்கிறது.

வெயில் படும் இடத்தில் அடியில் துளையிட்ட வாளிகள் சில போதும். முள்ளங்கி, கீரை, அவரை, சூரியகாந்தி எல்லாம் வளரும். அதோடு ஓர் எருக்குவியல் தொடங்குங்கள், என்னைக் கேட்டால் பள்ளியில் முதலில் வேண்டியது அதுதான். காய்ந்த இலையும் பச்சைக் கழிவும் சரியாகக் கலந்து, ஈரமும் காற்றும் போதுமானதாக இருந்து, குவியலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள அகல உயரத்தில் இருந்தால் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை வெப்பம் ஏறும். வெப்பமானியைச் செருகித் தினமும் குறித்து வரைபடம் போட்டால் அறிவியல், கணக்கு இரண்டும் நடக்கும். இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் மட்டும் போடாதீர்கள், எலி வரும்.

விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை விதைப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள். பள்ளித் தோட்டங்கள் அழிவது பெரும்பாலும் நீண்ட விடுமுறையில்தான்.

வகுப்பில் முட்டையைப் பொரிக்க வைக்கலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

பொரிப்பது எளிது. இன்குபேட்டரில் 37.5 டிகிரி, 21 நாள், 18-ஆம் நாள் வரை தினமும் சில முறை முட்டையைத் திருப்ப வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பிடித்தால் ரத்தக் குழாய்கள் தெரியும், பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

அதன் பிறகுதான் சிக்கல். பொரிவதில் ஏறக்குறைய பாதி சேவல். அவை முட்டையிடாது, நிறையச் சேவல்களை ஒன்றாக வைத்தால் சண்டை போடும், பல இடங்களில் அவற்றை வாங்கிக்கொள்ள ஆளே இருக்காது. எல்லாக் குஞ்சுகளுக்கும் வாழ்நாள் முழுக்க இடம் எங்கே என்று எழுத்தில் உறுதி கிடைத்த பிறகே முட்டையை வையுங்கள். அது இல்லையென்றால் பண்ணையில் தாய்க்கோழி அடைகாப்பதைப் பார்க்க வாருங்கள், தாய் குஞ்சுகளை அழைக்கும் குரலையும் கேட்கலாம். குஞ்சுகளில் சால்மோனெல்லா இருக்கலாம் என்பதால் சின்ன வகுப்பினர் கையில் கொடுக்கக்கூடாது.

நல்ல பண்ணையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளைகள் இல்லாமல் முதலில் நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். குழாயும் சோப்பும் எங்கே, கழிப்பறை எப்படி இருக்கிறது, முதலுதவி தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். குளம், கிணறு, சாணக் குழி, மருந்து அறை ஆகியவற்றுக்கு வேலியும் பூட்டும் வேண்டும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் டிராக்டர் ஓடக்கூடாது, அதில் பிள்ளையை ஏற்றி ஓட்டுவதும் கூடாது. மருந்து தெளித்த வயல் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் முடியும் வரை அந்தப் பக்கம் வேண்டாம்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பிள்ளைகள் அன்றைக்கு என்ன வேலை செய்வார்கள்?" ஊஞ்சல், குதிரை சவாரி, புகைப்பட இடம் என்று பதில் வந்தால் அது பொழுதுபோக்கு இடம். "அந்த வாரம் நாற்று நடுவோம், வேலி ஓரம் களை இருக்கிறது" என்று வந்தால் தயங்காமல் முன்பதிவு செய்யுங்கள்.

இந்த ஆட்டை வெட்டிச் சாப்பிடுவீர்களா என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக. "ஆமாம், இந்தப் பண்ணையில் சில ஆடுகள் இறைச்சிக்காக வளர்கின்றன. இருக்கும்வரை நன்றாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு." இவ்வளவு போதும். மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம், கேட்காததை விவரிக்க வேண்டியதில்லை. பொய் சொன்னால் பிறகு தெரியும்போது மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

சில குடும்பங்கள் இறைச்சி உண்பதில்லை, சில உண்பார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. அழும் பிள்ளையையும், இனிமேல் சாப்பிட மாட்டேன் என்று சொல்லும் பிள்ளையையும், சாப்பிடுவேன் என்று சொல்லும் பிள்ளையையும் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆசிரியர் செய்ய வேண்டியது.

பிள்ளைகளை வேலை வாங்குகிறீர்கள், காசும் நாங்கள்தான் கொடுக்கிறோம். இது குழந்தைத் தொழில் ஆகாதா?

கேட்க வேண்டிய கேள்வி. 2024 கணக்குப்படி உலகில் சுமார் 13.8 கோடிப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்தில். ஆகவே பண்ணை வேலை என்பதாலேயே அது நல்லதாகிவிடாது.

எல்லைக்கோடு எங்கே என்பதற்குச் சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோட்ஸியின் அனுபவம் உதவும். அவர் 1774-இல் நோய்ஹோஃப் என்ற தன் பண்ணையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து, வேலையும் படிப்பும் சேர்ந்த பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகளின் உழைப்பே பள்ளிச் செலவை ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டார். அது நடக்கவில்லை, சில ஆண்டுகளில் பள்ளி மூடப்பட்டது. பிள்ளையின் உழைப்பிலிருந்து வருமானம் வர வேண்டும் என்றால், அந்த உழைப்பு எப்போது நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளையின் தேவை தீர்மானிக்காது. எனவே நான் வைத்திருக்கும் விதி: பிள்ளைகள் வராவிட்டாலும் பண்ணை ஓட வேண்டும். களைத்தால் நிறுத்தலாம், வேண்டாம் என்று சொல்லலாம், பாரம், மருந்து, இயந்திரம் கிடையாது, பள்ளி நேரத்தைத் தின்னக்கூடாது. உண்மையான வேலை என்று முதல் பதிலில் சொன்னது இந்த வரம்புக்குள்தான். நீங்கள் கொடுக்கும் கட்டணம் வழிகாட்டுபவரின் நேரத்துக்கு. அனுபவமுள்ள ஒருவர் அரை மணியில் முடிக்கும் களையெடுப்பு ஒரு வகுப்புக்கு அரை நாள் ஆகும்.

எல்லாம் அழகாகத்தான் காட்டுகிறீர்கள். நஷ்டம், கடன், பூச்சி மருந்து இதையெல்லாம் சொல்ல வேண்டாமா?

வேண்டும். பிள்ளைகள் வருகிறார்கள் என்று பூச்சி அரித்த பாத்தியை உழுதுவிட்டு, நன்றாக வந்ததை மட்டும் காட்டும் பண்ணைகள் உண்டு. நான் அரித்த பாத்தியை விட்டு வைப்பேன். இலையைத் திருப்பி முட்டைகளைத் தேடுவது, யார் தின்றது, அதைத் தின்பது யார் என்று கண்டுபிடிப்பது எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கே முடியும்.

பதின்ம வயதினருக்கு ஒரு பயிரின் உண்மையான கணக்கைக் கொடுக்கலாம். விதை, எரு, கூலி, தண்ணீர், வண்டி வாடகை ஒரு பக்கம், விற்ற விலை இன்னொரு பக்கம். கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். விலை கால் பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை போடட்டும். மருந்து அடிக்கும் விவசாயி என்றால் ஏன் அடிக்கிறார், அடிக்காவிட்டால் எவ்வளவு போகும், வேறு என்ன முயன்றார் என்று அவரிடமே கேட்கட்டும். இயற்கை முறையில் செய்பவரிடம் களைக்கு எத்தனை ஆள் தேவைப்படுகிறது என்று கேட்கட்டும். இதற்காக நாளின் கடைசி முக்கால் மணி நேரத்தை ஒதுக்கச் சொல்கிறேன். ஆசிரியர் குறுக்கே பேசாமல் விவசாயியும் பிள்ளைகளும் மட்டும் பேசிக்கொள்ளும் நேரம் அது. கேள்விகளை வகுப்பிலேயே எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள், ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்காமல் இருக்க.